புது மைதானம், பழைய வீடுகள்: டாட்ஜர்ஸ் அணியின் முதல் வருடம்

புது வீட்டுக்குக் குடிபோனால் முதல் நாளே ஏதாவது ஒரு குறை கண்ணில் பட்டுவிடும். ஒரு குழாயில் தண்ணீர் வராது. ஒரு கதவு சரியாகச் சாத்தாது. ஒரு சுவிட்சைப் போட்டால் வேறு அறையில் விளக்கு எரியும். எவ்வளவு செலவு செய்து கட்டினாலும் இதிலிருந்து யாரும் தப்ப முடியாது.

1962 ஏப்ரல் 10, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு மலை மேல் கட்டப்பட்ட டாட்ஜர் ஸ்டேடியத்தில் முதல் பேஸ்பால் ஆட்டம். 52,564 பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த இருக்கையிலிருந்து பார்த்தாலும் நடுவில் தூண் மறைக்காது. கார் நிறுத்த 16 ஆயிரம் இடங்கள். தூரத்தில் மலைகள், மேலே தெளிந்த வானம். எல்லாம் சரி. தாகம் எடுத்து எழுந்து போனவர்களுக்குத்தான் விஷயம் தெரிந்தது. அத்தனை பெரிய மைதானத்தில் ரசிகர்களுக்கு ஒரு குடிநீர்க் குழாய்கூட இல்லை! வீரர்கள் உட்காரும் இடத்தில் மட்டும் இருந்தது.

'குளிர்பானம் விற்பதற்காகவே இப்படிச் செய்துவிட்டார்' என்று அணியின் உரிமையாளர் வால்டர் ஓமாலியைப் பலரும் திட்டினார்கள். பிறகு குழாய்கள் வந்தன.

இன்னொரு குறை இதைவிட வேடிக்கை. பேஸ்பாலில் பந்தை அடிப்பவர் நிற்கும் இடத்துக்கு ஹோம் பிளேட் என்று பெயர். அங்கிருந்து இரண்டு பக்கமும் கோடு போயிருக்கும். அடித்த பந்து அந்த இரண்டு கோடுகளுக்குள் போனால்தான் செல்லும். கோடுகளின் கடைசியில் உயரமான கம்பம் நிற்கும். அந்தக் கம்பம் எல்லைக்கு உள்ளே இருக்க வேண்டும் என்பது விதி. டாட்ஜர் ஸ்டேடியத்தில் இரண்டு கம்பங்களையும் எல்லைக்கு வெளியே நட்டுவிட்டார்கள். 'இந்த ஒரு சீசனுக்கு மட்டும் பொறுத்துக்கொள்கிறோம்' என்று லீக் நிர்வாகம் விலக்கு கொடுத்தது. அடுத்த வருடம் கம்பங்களை அசைக்காமல் ஹோம் பிளேட்டையே நகர்த்திவிட்டார்கள்.

இப்படிச் சின்னச் சின்னக் குறைகளோடு ஆரம்பித்ததுதான் டாட்ஜர்ஸ் அணியின் புதுவீட்டு வாழ்க்கை. ஆனால், அந்த வீட்டில் குழாயை வைத்தோ கம்பத்தை வைத்தோ சரிசெய்ய முடியாத இன்னொரு குறையும் இருந்தது. அது கட்டடத்தில் இல்லை. கட்டடத்துக்குக் கீழே இருந்தது.

ஊரைவிட்டு வந்த அணி

டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த அணி கிடையாது. அமெரிக்காவின் இன்னொரு முனையில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதிதான் அதன் சொந்த ஊர். அங்கே எபெட்ஸ் ஃபீல்டு என்ற சின்ன மைதானத்தில் 1913 முதல் ஆடி வந்தது. கறுப்பினத்தவர்களுக்கு இடமில்லை என்று மேஜர் லீக் கதவைச் சாத்தி வைத்திருந்த காலத்தில், 1947ல் ஜாக்கி ராபின்சனைக் களத்தில் இறக்கியது இந்த அணிதான். அந்தப் பகுதி மக்களுக்கு டாட்ஜர்ஸ் என்றால் வீட்டுப்பிள்ளை மாதிரி.

ஆனால் எபெட்ஸ் ஃபீல்டு பழையதாகிவிட்டது. கார் நிறுத்த இடமில்லை. புரூக்ளினிலேயே தன் சொந்தச் செலவில் புது மைதானம் கட்ட ஓமாலி ஓர் இடத்தைக் கேட்டார். நியூயார்க்கின் கட்டுமானத் திட்டங்களை எல்லாம் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1957 சீசன் முடிந்ததும் ஓமாலி அணியைத் தூக்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பிவிட்டார். புரூக்ளின் மக்கள் அழுதார்கள், சபித்தார்கள். 1960ல் எபெட்ஸ் ஃபீல்டை இடித்தபோது, இடிக்கும் இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் போலவே வர்ணம் அடித்திருந்தார்கள்.

வந்த ஊரில் உடனே சொந்த வீடு கிடைக்கவில்லை. நான்கு வருடம் வாடகை வீடு. அதுவும் ஒலிம்பிக் ஓட்டப்பந்தயம் நடந்த கொலீசியம் மைதானம். பேஸ்பாலுக்காகக் கட்டப்பட்டதே இல்லை. இடது பக்க எல்லை வெறும் 251 அடி தூரம். ஓங்கி அடித்தால் பந்து வெளியே போய்விடும் என்று நாற்பது அடி உயரத்துக்கு வலை கட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர்கள் எறும்பு போலத் தெரிந்தார்கள்.

அப்போதுதான் ரசிகர்கள் ஒரு பழக்கத்தை ஆரம்பித்தார்கள். புதிதாக வந்த கையடக்க டிரான்சிஸ்டர் ரேடியோவை மைதானத்துக்கே கொண்டுவந்து, வின் ஸ்கல்லியின் வர்ணனையைக் கேட்டுக்கொண்டே ஆட்டம் பார்ப்பது. கண்ணுக்கு எட்டாததைக் காது சொன்னது. ஆயிரக்கணக்கான ரேடியோக்களிலிருந்து ஒரே குரல். மைதானம் முழுக்க அது எதிரொலித்தது.

அந்த அரைகுறை மைதானத்தில் ஆடிக்கொண்டேதான் 1959ல் உலகத் தொடரை வென்றது டாட்ஜர்ஸ். அங்கே நடந்த மூன்று இறுதிப்போட்டி ஆட்டங்களுக்கும் ஒவ்வொன்றுக்கும் 92 ஆயிரத்துக்கு மேல் கூட்டம். இருந்தாலும் வாடகை வீடு வாடகை வீடுதானே? ஓமாலியின் கண் ஒரு மலை மேல் இருந்தது.

மலை மேல் இருந்த மூன்று ஊர்கள்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் சாவேஸ் ரவீன் என்ற மலைச்சரிவு. அங்கே பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள். பெரும்பாலும் மெக்ஸிகோவிலிருந்து வந்த குடும்பங்கள். நகரின் வேறு பகுதிகளில் அவர்களுக்கு வீடு விற்க மறுத்த காலம் அது. அதனால் இந்தச் சரிவில் மண்சாலை ஓரமாகச் சொந்த வீடு கட்டி, கோழியும் ஆடும் வளர்த்து, காய்கறி போட்டு வாழ்ந்தார்கள். தேவாலயம் இருந்தது. பள்ளிக்கூடம் இருந்தது. பெரிய நகரத்துக்கு நடுவே ஒரு கிராமம்.

1940களின் கடைசியில் டான் நார்மார்க் என்ற இளைஞர் தற்செயலாக இந்த மலைக்குள் நுழைந்தார். அப்போது அவருக்கு வயது 19. அங்கிருந்த மனிதர்களைப் படம் எடுத்துத் தள்ளினார். மண்சாலையில் ஓடும் பிள்ளைகள், மரப்படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் என்று அன்றாட வாழ்க்கை முழுதும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் இருக்கிறது. அவை பல வருடங்கள் கழித்துப் புத்தகமாக வந்தன. அந்த ஊர்களின் முகத்தைப் பார்க்க இன்று மிச்சம் இருப்பவற்றில் முக்கியமானவை அவைதான்.

1950 ஜூலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் வீட்டு வசதி ஆணையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'இங்கே ஏழை மக்களுக்காக அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப்போகிறது. நீங்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். கட்டி முடித்ததும் உங்களுக்குத்தான் முதல் உரிமை' என்பது அதன் சாரம். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நியூட்ரா தன் கூட்டாளியுடன் சேர்ந்து வரைபடம் போட்டார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் வரும் என்றார்கள்.

திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையில் சிலர் கிளம்பினார்கள். வேறு வழியில்லாமல் சிலர் கிளம்பினார்கள். போகமாட்டோம் என்று சிலர் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதன்பின் அரசியல் புகுந்தது. கம்யூனிஸ்ட் என்று யாரைப் பார்த்தாலும் சந்தேகப்பட்ட காலம். 'அரசு வீடு கட்டித் தருவதே கம்யூனிசம்' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. திட்டத்துக்காக உழைத்த அதிகாரி ஃபிராங்க் வில்கின்சனிடம், 'நீங்கள் எந்த அமைப்பில் உறுப்பினர்?' என்று விசாரணையில் கேட்டார்கள். பதில் சொல்ல மறுத்தார். வேலை போனது. 1953ல் இந்தத் திட்டத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்த நாரிஸ் பால்சன் மேயரானார். திட்டம் கைவிடப்பட்டது. நிலம் குறைந்த விலைக்கு நகராட்சியின் கைக்கு வந்தது. 'பொதுக் காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்' என்ற நிபந்தனையோடு.

வீடு வரும் என்று சொல்லித்தான் வீட்டை வாங்கினார்கள். கடைசியில் வீடும் வரவில்லை, பழைய வீடும் இல்லை.

காலியான அந்த மலை சில வருடங்கள் சும்மா கிடந்தது. அப்போதுதான் ஓமாலி வந்தார். அவரிடம் லாஸ் ஏஞ்சல்ஸில் ரிக்லி ஃபீல்டு என்ற சின்ன மைதானம் இருந்தது. அதை நகரத்துக்குக் கொடுத்துவிட்டு, மலையில் சுமார் 300 ஏக்கரைப் பெறுவது என்று ஒப்பந்தம். 'ஒரு தனியார் அணிக்கு நிலம் கொடுப்பது பொதுக் காரியமா?' என்று எதிர்ப்பு எழுந்தது. 1958 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பே நடந்தது. வாக்கெடுப்புக்கு முன்பு தொலைக்காட்சியில் மணிக்கணக்கில் பிரசார நிகழ்ச்சி. பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்டு ரீகன், அப்போது நடிகர், அதில் டாட்ஜர்ஸுக்காகப் பேசினார். ஏறக்குறைய 25 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஓமாலி ஜெயித்தார்.

1959 மே மாதம், மிச்சமிருந்த குடும்பங்களை வெளியேற்ற ஷெரீப் படையினர் வந்தார்கள். அரேச்சிகா குடும்பம் போக மறுத்தது. இழப்பீட்டுத் தொகையை அவர்கள் ஏற்கவே இல்லை. வீட்டுப் பெண் ஒருவரைக் கையையும் காலையும் பிடித்துப் படிக்கட்டு வழியாகத் தூக்கிவந்தார்கள். அந்தக் காட்சி படமாகிப் பத்திரிகைகளில் வந்தது, தொலைக்காட்சியிலும் ஓடியது. கொஞ்ச நேரத்தில் புல்டோசர் அந்த வீட்டைத் தரைமட்டமாக்கியது. குடும்பம் சில நாட்கள் எதிரிலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்தது. பிறகு, 'இவர்களுக்கு நகரில் வேறு வீடுகள் இருக்கின்றன' என்று பத்திரிகைகள் எழுதின. அனுதாபம் வடிந்துவிட்டது. வேறு வீடு இருந்தால் இந்த வீடு வீடில்லை என்று ஆகிவிடுமா என்று யாரும் கேட்கவில்லை.

அதே வருடம் செப்டம்பர் 17ல் மைதானத்துக்குப் பூமி பூஜை மாதிரி முதல் மண் வெட்டப்பட்டது.

80 லட்சம் கன கெஜம் மண்

மலையைச் சீவிப் பள்ளத்தை நிரப்பினார்கள். 80 லட்சம் கன கெஜம் மண் இடம் மாறியது என்பது கணக்கு. பாலோ வெர்டே பள்ளிக்கூடத்தை இடித்து அள்ளவில்லை. அப்படியே மண்ணால் மூடினார்கள். முன்கூட்டியே வார்த்த சுமார் 21 ஆயிரம் கான்கிரீட் துண்டுகளைக் கொண்டுவந்து கோத்தார்கள். சில துண்டுகள் 32 டன் எடை. செலவு ஏறக்குறைய 2 கோடியே 30 லட்சம் டாலர். முழுக்க ஓமாலியின் பொறுப்பு. அரசுப் பணத்தில் மைதானம் கட்டுவது வழக்கமாகிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய விஷயம்.

பொறியாளர் எமில் பிரேகர் மலையின் சரிவையே வசதியாக மாற்றினார். கார் நிறுத்துமிடங்களை அடுக்கடுக்காக வெட்டினார். மேல்வரிசை டிக்கெட் வாங்கியவர் மேலடுக்கில் காரை நிறுத்திவிட்டு நேராக உள்ளே போய் உட்காரலாம். வயதானவர்களும் குழந்தைகளும் நீண்ட படிக்கட்டு ஏற வேண்டாம். குடும்பத்தோடு ஆட்டம் பார்க்க வரும் பழக்கம் இங்கே வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

திறப்பு நாளில் முதல் பந்தை எறிந்தவர் ஓமாலியின் மனைவி கே. நோய் காரணமாகக் குரலை இழந்தவர் அவர். பேசாமலே திறந்துவைத்தார். டாட்ஜர்ஸ் சார்பில் முதல் ஹிட் அடித்தவர் டியூக் ஸ்னைடர், புரூக்ளின் காலத்து நட்சத்திரம். எல்லாம் நன்றாகத்தான் போனது, ஏழாவது இன்னிங்ஸ் வரை. அதில் சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் வாலி போஸ்ட் அடித்த ஹோம் ரன்னில் மூன்று ரன்கள் போயின. டாட்ஜர்ஸ் 6-3 எனத் தோற்றது. கிரகப்பிரவேசத்தன்றே பால் திரிந்த கதை. மறுநாள் சாண்டி கோஃபேக்ஸ் பந்தெறிந்து 6-2 என ஜெயித்துக் கொடுத்த பிறகுதான் வீட்டுக்குக் களை வந்தது.

ஒரே வீடு, இரண்டு பெயர்கள்

அந்த வருடம் புது வீட்டில் ஒரு குடித்தனக்காரரும் இருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற இன்னொரு அணி. தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சொந்த மைதானம் இல்லாததால் ஓமாலியிடம் வாடகைக்கு வந்தது.

வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் உரசல் இல்லாமல் இருக்குமா? ஏஞ்சல்ஸ் நிர்வாகம் 'டாட்ஜர் ஸ்டேடியம்' என்ற பெயரைச் சொல்லவே விரும்பவில்லை. போட்டி அணியின் பெயரை நாம் ஏன் விளம்பரம் செய்ய வேண்டும் என்ற எண்ணம். அதனால் தங்கள் ஆட்டங்களுக்கு மைதானத்தை 'சாவேஸ் ரவீன்' என்றே குறிப்பிட்டார்கள்.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. அந்த மலையின் பழைய பெயரைக் காப்பாற்றும் நோக்கம் அவர்களுக்குத் துளியும் கிடையாது. ஆனாலும் ஊர் அழிந்த இடத்தில் ஊரின் பெயர் மட்டும் இப்படி ஒலித்துக்கொண்டே இருந்தது. அந்த மைதானத்தின் முதல் 'நோ ஹிட்டர்' சாதனையும் ஏஞ்சல்ஸ் வீரருக்குத்தான். மே 5ஆம் தேதி போ பெலின்ஸ்கி, பால்டிமோர் அணியை ஒரு ஹிட் கூட அடிக்கவிடாமல் ஒன்பது இன்னிங்ஸும் பந்தெறிந்தார். வீட்டுக்காரருக்கு முன்னால் குடித்தனக்காரர் விளக்கேற்றிவிட்டார்!

திருடுவதற்கு என்றே ஒருவர்

அந்த சீசனின் நாயகன் மோரி வில்ஸ். ஓங்கி அடிக்கும் பலசாலி இல்லை. எட்டு வருடங்களுக்கு மேல் சிறிய லீக்குகளிலேயே கிடந்து, 26 வயதுக்கு மேல்தான் பெரிய அணிக்கு வந்தவர். அவரிடம் இருந்தது கால்கள்.

பேஸ்பாலில் ஹோம் பிளேட்டிலிருந்து கிளம்பி, மூன்று பேஸ்களைத் தொட்டு, மீண்டும் ஹோம் பிளேட்டுக்கு வந்தால் ஒரு ரன். வழக்கமாக அடுத்தவர் பந்தை அடிக்கும்போதுதான் ஓடுவார்கள். பந்தெறிபவர் எறியத் தொடங்கும் நொடியில், யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்துவிட்டால் அதற்கு 'பேஸ் திருடுவது' என்று பெயர். 1915ல் டை காப் ஒரே சீசனில் 96 முறை திருடியது நாற்பத்தேழு வருடச் சாதனையாக இருந்தது. வில்ஸ் 1962ல் 104 முறை திருடினார். அந்த வருடம் மேஜர் லீக்கில் வேறு எந்த அணியும், மொத்த வீரர்களையும் சேர்த்தால்கூட, அத்தனை முறை திருடவில்லை!

சறுக்கிச் சறுக்கி அவர் கால்கள் ரணமாகின. அவருக்கு அடுத்து ஆட வரும் ஜிம் கில்லியம் அடிக்கக்கூடிய நல்ல பந்துகளையும் விட்டுக்கொடுப்பார், வில்ஸ் திருடட்டும் என்று. புரூக்ளினிலிருந்தே வந்த மூத்த வீரர். தன் கணக்கில் சேர வேண்டியதைத் தம்பிக்காக விட்டார். அதன்பின் டாமி டேவிஸ் வந்து அடித்து வில்ஸை வீட்டுக்கு அழைத்து வருவார். டேவிஸ் அந்த சீசனில் 230 ஹிட் அடித்து, 153 ரன்கள் வரக் காரணமாக இருந்தார்.

வில்ஸைத் தடுக்க எதிரணிகள் என்னென்னவோ செய்தன. ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஆடப்போனபோது, ஜயன்ட்ஸ் அணியின் மைதானப் பராமரிப்பாளர் ஓடுபாதையில் தண்ணீரை ஊற்றிச் சேறாக்கிவைத்தார். ஓடினால் கால் புதைந்தது. மூன்று ஆட்டத்திலும் டாட்ஜர்ஸ் தோற்றது.

இந்த ஜயன்ட்ஸும் நியூயார்க்கிலிருந்து அதே வருடம் மேற்கே வந்த அணிதான். பழைய ஊர்ப் பகையைப் பெட்டியில் போட்டுக் கூடவே கொண்டுவந்திருந்தார்கள்.

ஜூன் 30 இரவு கோஃபேக்ஸின் இரவு. 26 வயது. புரூக்ளினில் பிறந்த பையன். நியூயார்க் மெட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸில் ஒன்பதே பந்துகளில் மூன்று பேரையும் வெளியேற்றினார். ஆட்டம் முடியும்வரை ஒருவரும் ஹிட் அடிக்கவில்லை. 11-0. சொந்த மைதானங்களில் நடக்கும் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்ட ஓமாலி அனுமதிப்பதில்லை. அதனால் வீட்டில் இருந்தவர்களுக்கு எல்லாமே ஸ்கல்லியின் குரல்தான். கொலீசியத்தில் தூரத்துக்காகக் கொண்டுவந்த டிரான்சிஸ்டரை, எல்லாம் நன்றாகத் தெரியும் புது மைதானத்திலும் ரசிகர்கள் விடவில்லை. கண்ணால் பார்த்ததை அவர் சொல்லிக் கேட்டால்தான் நிறைவு.

ஆனால் கோஃபேக்ஸின் இடதுகை ஆள்காட்டி விரல் மெல்ல மரத்துக்கொண்டிருந்தது. ரத்த ஓட்டம் தடைபட்டு நிறமே மாறியது. ஜூலை 17ல் ஒரு இன்னிங்ஸோடு வெளியேறினார். விரலையே எடுக்க வேண்டிவருமோ என்ற பயம். செப்டம்பர் கடைசியில்தான் திரும்ப முடிந்தது. அவர் இல்லாத நாட்களில் டான் டிரைஸ்டேல் தோள்கொடுத்தார். அந்த சீசனில் அவருக்கு 25 வெற்றிகள், சிறந்த பந்தெறிபவருக்கான சை யங் விருது.

அக்டோபர் 3

செப்டம்பர் நடுவில் டாட்ஜர்ஸ் முன்னணியில் இருந்தது. லீக் பட்டம் கைக்கு எட்டும் தூரம். அப்புறம் என்ன ஆனதோ, கடைசி 13 ஆட்டங்களில் 10 தோல்வி. சொந்த மைதானத்தில் நடந்த கடைசி மூன்று ஆட்டங்களிலும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் தோல்வி. கடைசி ஆட்டம் 1-0. அதே நாளில் ஜயன்ட்ஸ் ஜெயித்தது. இரண்டு அணிகளும் 101 வெற்றி, 61 தோல்வி. சமம்!

முடிவு காண மூன்று ஆட்டங்கள். முதலில் ஜயன்ட்ஸ் 8-0. அடுத்ததில் ஐந்து ரன் பின்தங்கியிருந்த டாட்ஜர்ஸ் எழுந்து வந்து 8-7 என ஜெயித்தது. மூன்றாவது ஆட்டம் அக்டோபர் 3, டாட்ஜர் ஸ்டேடியத்தில்.

கடைசி இன்னிங்ஸ் தொடங்கும்போது டாட்ஜர்ஸ் 4-2 என முன்னிலை. மூன்று பேரை அவுட் ஆக்கினால் போதும். வில்லி மேஸ் அடித்த பந்து, எறிந்தவரின் கையிலேயே பட்டுத் தெறித்தது. ரன்கள் சமமாயின. பிறகு நடந்ததைத்தான் ரசிகர்களால் ஜீரணிக்கவே முடியவில்லை. அடிக்க முடியாத இடத்தில் நான்கு பந்து போட்டுவிட்டால், ஆடுபவர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். மூன்று பேஸிலும் ஆள் இருந்த நேரத்தில் டாட்ஜர்ஸ் வீரர் அப்படி நான்கு பந்துகளைப் போட்டார். ஜயன்ட்ஸுக்கு ஒரு ரன் நடந்தே வந்து சேர்ந்தது. அதன்பின் ஒரு தவறு, இன்னொரு ரன். 6-4. சீசன் முடிந்தது.

1951ல் இதே அக்டோபர் 3ஆம் தேதி, இதே ஜயன்ட்ஸ், இதே போலக் கடைசி இன்னிங்ஸில் நான்கு ரன் எடுத்து, புரூக்ளின் டாட்ஜர்ஸிடமிருந்து பட்டத்தைப் பறித்திருந்தது. ஊர் மாறியது, வீடு மாறியது, தேதி மாறவில்லை. வீரர்கள் உடைமாற்றும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நெடுநேரம் யாரையும் உள்ளே விடவில்லை. சிலர் சீருடையைக் கிழித்தார்கள்.

அந்த வருடம் டாட்ஜர்ஸ் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் 27,55,184 பேர். அதுவரை எந்த அணிக்கும் ஒரே சீசனில் அத்தனை பேர் வந்ததில்லை. வந்தவர்கள் பட்டத்தைப் பார்க்கவில்லை. ஆனால் வில்ஸ் ஓடியதைப் பார்த்தார்கள், கோஃபேக்ஸின் இரவைப் பார்த்தார்கள், கடைசி நாளில் சேர்ந்தே மனமுடைந்து வீடு போனார்கள். கொலீசியத்தில் கோப்பை வென்றபோதுகூட இல்லாத ஒட்டுதல் இங்கே வந்துவிட்டது. சேர்ந்து அழுதபின்தான் சில வீடுகள் சொந்த வீடாகின்றன. அடுத்த வருடம் அதே மைதானத்தில் யாங்கீஸை நான்குக்கு நான்கு ஆட்டங்களில் வீழ்த்தி உலகத் தொடரை வென்றது டாட்ஜர்ஸ். ஆறுதல் வர ஒரு வருடம் ஆயிற்று.

ஆறுதல் வராதவர்கள்

மலையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அப்படி ஓர் அடுத்த வருடம் வரவில்லை. பழைய குடியிருப்புகளில் பிறந்தவர்களில் பலர் அந்த மைதானத்துக்குள் கால் வைப்பதில்லை என்றே இருந்தார்கள். 1981ல் மெக்ஸிகோவின் ஒரு சின்னக் கிராமத்திலிருந்து வந்த 20 வயது ஃபெர்னாண்டோ வலென்சுவேலா, முதல் எட்டு ஆட்டங்களையும் வென்று அமெரிக்காவையே திரும்பிப் பார்க்க வைத்தார். அவரைப் பார்க்க மெக்ஸிகோ வழிவந்த குடும்பங்கள் திரண்டு வந்தன. அந்தப் படிகளை முதன்முறையாக ஏறியவர்கள் அதில் நிறைய. சிலருக்கு அந்த ஒரு வீரனால் மனம் இளகியது. சிலருக்குக் கடைசிவரை இளகவில்லை. இரண்டையுமே குறை சொல்ல முடியாது.

பழைய ஊர்க்காரர்கள் தங்களுக்கு 'லாஸ் தெஸ்தெராதோஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டவர்கள் என்று அர்த்தம். மைதானத்தை ஒட்டியிருக்கும் எலிசியன் பூங்காவில் வருடந்தோறும் அவர்கள் கூடுவார்கள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சமைத்த உணவு, பழைய படங்கள். யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு, எந்தத் தெரு எங்கே திரும்பும் என்று பெரியவர்கள் சொல்ல, சிறியவர்கள் கேட்பார்கள். அந்தத் தெருக்கள் எதுவும் இப்போது இல்லை.

ஓமாலி வருவதற்கு முன்பே அவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள் என்பது உண்மை. அவர்களை ஏமாற்றியது முதலில் அரசின் கடிதம்தான் என்பதும் உண்மை. அணியின் மீது அன்பு வைத்த லட்சக்கணக்கான ரசிகர்கள் யாருடைய வீட்டையும் பிடுங்கவில்லை. இருந்தாலும், ஸ்கல்லியின் குரல் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அந்த மலை எவ்வளவு சொந்தமோ, அங்கே கோழி வளர்த்த ஒரு பாட்டிக்கும் அவ்வளவு சொந்தம். ஒரே மண்ணில் இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்று மட்டும்தான் வெளியே தெரிகிறது.

டாட்ஜர் ஸ்டேடியம் இன்று அமெரிக்காவின் மிகப் பழைய பேஸ்பால் மைதானங்களில் மூன்றாவது. முதல் வருடத்துக் குறைகள் எப்போதோ சரியாகிவிட்டன. தாகம் எடுத்தால் தண்ணீர் இருக்கிறது. கம்பங்கள் எல்லைக்குள் இருக்கின்றன. ஹோம் பிளேட்டை நகர்த்தியது ஒரு சீசன் இடைவெளியில் முடிந்த வேலை. எலிசியன் பூங்காவில் கூடுகிறவர்கள் மட்டும் இன்னமும் தங்கள் வீடு இருந்த திசையைக் கைநீட்டிக் காட்டுகிறார்கள்.